றங்குப்பெட்டியைத் திறக்க முதல்: யாழ்ப்பாணத்து வீடுகளில் போர்க்காலப் படங்களும் பொருட்களும்

யாழ்ப்பாணத்து வீடொன்றில் உலகப் போர்க்காலப் பொருள் கிடக்கிறதென்றால், அது பெரும்பாலும் மலாயாவிலிருந்து வந்த றங்குப்பெட்டிக்குள்தான் கிடக்கும். ரயில்வேயிலும் பொதுவேலைத் திணைக்களத்திலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்த்து, யப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தையும் அங்கேயே கழித்து, பென்சனோடு ஊர் திரும்பியவர்களின் பெட்டி. மேலே சேலைகள், நடுவில் காணி உறுதிகள், அடியில் விரித்த பழைய பேப்பர், அந்தப் பேப்பருக்கும் கீழே படங்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, இப்படியான பெட்டிகள் எத்தனையோ பூட்டியபடியே கைவிடப்பட்டன. மிஞ்சியவற்றைத்தான் இனிச் சேகரிக்கலாம்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதலில் ஒரு பழக்கத்தைப் பிடிக்க வேண்டும். பொருளை ஆராய முதல், அது எங்கே, எதற்குப் பக்கத்தில், யாருடைய கையில் இருந்தது என்று எழுதுங்கள். பதக்கம் இன்னும் நூறு வருடம் கிடக்கும். "இது பெரியப்புவின் பெட்டியில், அவருடைய பென்சன் கடதாசிகளோடு இருந்தது" என்ற தகவலோ, பெட்டியைத் திறந்தவர் கனடாவுக்குப் பிளேன் ஏறும் நாள் மட்டும்தான் இருக்கும்.

கை வைக்கக் கூடாதவை

வளவு துப்புரவாக்கும்போதும் கிணறு இறைக்கும்போதும் வெளிப்படும் இரும்புகள் சேகரிப்பில் சேராது. ஷெல், மோட்டார்க் குண்டு, கிரனேட், கண்ணிவெடி, தோட்டா எதுவானாலும் தொடாமல், கிளறாமல், படமெடுக்கக் கிட்டப் போகாமல், வந்த வழியாலேயே திரும்பிப் போய் 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். துரு ஏறினால் வெடி செத்துவிடும் என்பது பிழையான நம்பிக்கை. துரு ஏற ஏறச் சில வெடிகளின் பொறி இன்னும் இலேசாகத் தட்டுப்படும்.

வரவேற்பறையில் பூச்சாடியாக நிற்கும் பித்தளை ஷெல் கோதிலும் கவனம் வேண்டும். அடித்தட்டின் நடுவில் உள்ள சிறு வட்டத்துக்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கும். கோது வெறுமையாக இருந்தாலும் அந்த வட்டம் வெடிக்காமல் மிஞ்சியிருக்கலாம். துளைக்கவோ, தட்டவோ, சூடாக்கவோ வேண்டாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பழுதான பழைய துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். 1983 முதல் 2009 வரையான போரின் சீருடை, தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் கொடி, சின்னம், தகடு போன்றவற்றை "நினைவுக்காக" வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் வழக்கு வரும். ஒரு சட்டத்தரணியிடம் கேட்காமல் வாங்கவோ கைமாற்றவோ வேண்டாம். கோட்டைப் பக்கம் கிடைக்கும் பீரங்கி உருண்டை போன்ற ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் காலத்துப் பொருட்கள் வேறு கணக்கு. 1815 மார்ச் 2க்கு முந்தியவை சட்டப்படி தொல்பொருள். தொல்பொருள் திணைக்களத்துக்குத்தான் அறிவிக்க வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் நாள்

மழை நாளில் திறக்காதீர்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றும் ஈரமும். படத்தின் மேற்பூச்சு பசைபோல இளகி, விரல் பட்டால் அச்சு விழும். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி. மாசி, பங்குனிதான் வசதி.

வேண்டியவை அதிகமில்லை: வெள்ளைப் பருத்தித்துணி விரித்த மேசை, நைற்றில் கையுறை, மென்மையான 2 அங்குலத் தூரிகை, 2பி பென்சில், 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, காசுத்தாள் பார்க்கிற சிறிய யூவீ ரோச், அளவுகோல், கொப்பி. பேனையைப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு அடுக்கையும் எடுக்க முதல் போனால் ஒரு படம் எடுங்கள். அடியில் விரித்த பேப்பரையும் எறியாதீர்கள். அதன் திகதி, பெட்டி கடைசியாக எப்போது அடுக்கப்பட்டதென்று சொல்லும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். பெட்டி, ஆல்பம், படம் என்ற ஒழுங்கில் 01-02-014 என்று போட்டால் போதும். பெயர் பிறகு மாறலாம், எண் மாறக் கூடாது.

கறையான் மண்ணோ வெள்ளிப்பூச்சியோ கண்டால் அந்தக் கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல், இரண்டு பொலித்தீன் பைகளில் காற்றுப் போகாமல் கட்டி, டீப் பிறீசரில் 2 கிழமை வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணித்தியாலம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த படத்தில் நீர் பூத்துவிடும். கண்ணாடி நெகற்றிவ்களுக்கு இந்த வேலை வேண்டாம், வெடித்துப் போகும்.

படத்தின் முதுகு

புதியவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தைத் திருப்புங்கள்.

தபாலட்டை அளவு, அதாவது ஏறத்தாழ 9 × 14 செ.மீ., பின்பக்கத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரித்திருந்தால் அது 1902க்குப் பிந்தியது. அந்த வருடந்தான் பிரித்தானியா விலாசமும் செய்தியும் ஒரே பக்கத்தில் எழுத விட்டது. தடித்த அட்டையில் ஒட்டிய, 11 × 16.5 செ.மீ. அளவான ஸ்ரூடியோப் படம் அதைவிடப் பழசாக இருக்க இடமுண்டு. மெல்லிய தாள், மஞ்சளான வெள்ளைப் பகுதிகள், மண்ணிற இருள் என்றால் முட்டை வெண்கருப் பூச்சில் அச்சிட்ட 19ஆம் நூற்றாண்டுப் படம். இருண்ட பகுதிகளைச் சாய்த்துப் பார்க்கையில் நீலச்சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல மினுங்கினால், அது ஜெலற்றின் பூச்சில் அச்சிட்டு, அதிலுள்ள வெள்ளி மேலே வந்த படம். நம் வீடுகளில் உள்ள போர்க்காலப் படங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

முத்திரையில் ஸ்ரூடியோவின் பெயரோடு ஊரும் இருக்கும்: ஈப்போ, தைப்பிங், சிரம்பான், கோலாலம்பூர். ஊருக்குப் பின்னால் எப்.எம்.எஸ். என்றோ எஸ்.எஸ். என்றோ இருந்தால் நல்ல செய்தி. மலாய்க் கூட்டு நாடுகளும் (எப்.எம்.எஸ்.) நீரிணைக் குடியேற்றங்களும் (எஸ்.எஸ்.) 1946இல் இல்லாமல் போய்விட்டன. பழைய முத்திரையை ஸ்ரூடியோக்காரர் இன்னும் ஒரு வருடம் பாவித்திருப்பார் என்று வைத்தாலும், காலம் பெரிதாக நழுவாது.

யூவீ ரோச்சை இருட்டறையில் பின்பக்கத்துக்கு அடியுங்கள். தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அதில் வெளிறவைக்கும் சாயம் இருக்கிறது. படத்தாளில் அது வந்தது 1950களின் நடுப்பகுதியில். எனவே "1942இல் எடுத்த படம்" என்று சொல்லி யாராவது தருகிற தாள் பளிச்சிட்டால், படம் அக்காலத்ததாக இருக்கலாம், தாள் பிறகு அச்சிட்டது. பளிச்சிடாவிட்டால் பழையது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். இந்தச் சோதனை புதிய தாளைத்தான் காட்டிக்கொடுக்கும், பழசை உறுதிப்படுத்தாது.

ஒரு படத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். தீப்பெட்டி அளவு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு, முகம் மட்டும். பின்பக்கத்தில் காய்ந்த பசை, அதில் பச்சைத் தாளின் நார். முன்பக்கம் வலது கீழ் மூலையில் ஊதா மை முத்திரையின் கால்வாசி, வளைவுக்குள்ளே 18.8.25 என்ற எண்கள், பக்கத்தில் யப்பான் எழுத்து ஒன்று. வீட்டார் "1925 ஓகஸ்ட் 18, அப்பு வேலைக்குப் போன புதிசு" என்று எழுதி வைத்திருப்பார்கள். பிழை. முத்திரை கால்வாசி மட்டும் விழுந்திருப்பதால் மிச்சம் வேறொரு தாளில் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் இது ஒரு பாஸ் அல்லது அடையாள அட்டையிலிருந்து உரித்த படம். யப்பானியர் வருடத்தை முதலில் எழுதுவார்கள், பிறகு மாதம், பிறகு நாள். 18 என்பது ஷோவா ஆண்டு, அதாவது அப்போதைய யப்பான் சக்கரவர்த்தியின் ஆட்சி ஆண்டு. 1925ஐக் கூட்டினால் 1943. ஆகவே திகதி 1943 ஓகஸ்ட் 25. சிங்கப்பூர் விழுந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. அந்தப் பச்சை நாரைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தால் பாஸ் என்ற ஆதாரமே போயிருக்கும்.

அதே காலத்துக் கடிதங்களிலும் முத்திரைகளிலும் 2602, 2603, 2604 என்ற வருடங்கள் வரும். அது யப்பானியப் பேரரசு ஆண்டு. 660ஐக் கழித்தால் நம்முடைய வருடம். மலாயா முத்திரைகளின் மேல் "டாய் நிப்பொன் 2602 மலாயா" என்று மேலச்சு அடித்தவையும் உண்டு. கடித உறையிலிருந்து முத்திரையை ஆவியில் உரிப்பது சின்ன வயதில் எல்லோரும் செய்த வேலை. போர்க்கால உறையில் அதைச் செய்யாதீர்கள். தணிக்கைக்காரர் வெட்டித் திறந்து ஒட்டிய தாள், தபால் முத்திரை, விலாசம் எல்லாம் சேர்ந்துதான் அந்த உறை.

முகப்பில் பார்க்க வேண்டியவை

காக்கி எல்லாம் பட்டாளம் அல்ல. யாழ்ப்பாணத்து ஆல்பங்களில் "மிலிட்டரியில் இருந்தவர்" என்று காட்டப்படுபவர் பல நேரம் ஸ்ரேசன் மாஸ்டர், பாடசாலைக் கடேற், சாரணர், சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ்காரர் அல்லது விமானத்தாக்குதல் காப்புப் படை வார்டனாக இருப்பார். தோள்பட்டை எழுத்து, தொப்பிச் சின்னம், பொத்தான் மூன்றையும் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் செய்து பெருப்பித்துப் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

சின்னத்தில் முடி (கிரீடம்) இருந்தால் அதன் மேல்வளைவைக் கவனியுங்கள். வளைவு வெளிப்புறமாகத் திரண்டு உருண்டிருந்தால் மன்னர் முடி, 1901 முதல் 1952 வரை. நடுவில் உள்ளே அமுங்கியிருந்தால் இராணி முடி, 1953க்குப் பிறகு. இலங்கை 1972 மே 22 அன்று குடியரசானதோடு முடியும் "சிலோன்" என்ற எழுத்தும் போய்விட்டன. தோளில் சிலோன் என்றிருப்பவரை அதற்குப் பிறகு தேட வேண்டாம். 1949க்கு முந்தியவர் என்றால் அவர் இருந்தது சிலோன் ஆமியில் அல்ல, சிலோன் பாதுகாப்புப் படையில். பதிவேடு தேடும்போது இந்த வித்தியாசம் ஒரு கிழமை வேலையை மிச்சப்படுத்தும்.

பதக்க நாடா இடது மார்பில் வர வேண்டும். வலதில் இருந்தால் சட்டைப் பொத்தானையும் பாருங்கள்: அதுவும் மாறியிருந்தால் நெகற்றிவைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். பொத்தான் சரியாக இருந்து நாடா மட்டும் வலப்பக்கம் என்றால், அவர் இறந்துபோன தகப்பனுடையதையோ சகோதரனுடையதையோ அணிந்திருக்கலாம்.

மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, விரலால் தடவினால் தடக்கவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது படத்தின் படம். கைவில்லையில் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது அல்லது கலர் பிறிண்டரில் எடுத்தது. பிரதி என்பதற்காக எறியவும் வேண்டாம். இங்கே பல குடும்பங்களுக்குப் பிரதிதான் மிச்சம்.

தாள், பதக்கம், சின்னம்

யப்பான் காசு அநேகமாக எல்லா மலாயாப் பெட்டியிலும் வரும். 10 டொலர்த் தாளில் வாழைமரம். எழுத்துத் தொடர் எம் என்று தொடங்கினால் மலாயாவுக்கு, பி என்றால் பர்மாவுக்கு (அது ரூபாயில்). 1 சதத்திலிருந்து 1000 டொலர் வரை அடித்துக் குவித்தார்கள். போர் முடிந்ததும் ஒருவரும் மாற்றிக் கொடுக்கவில்லை. அதனால்தான் கட்டுக்கட்டாக மிஞ்சியிருக்கிறது, அதனால்தான் விலையும் இல்லை. முதலில் வந்தவற்றில் தொடர் எண் உண்டு. பின்னால் வந்தவற்றில் எழுத்து மட்டும். எண் உள்ளதைத் தனியாக வையுங்கள்.

அதைவிடச் சுவாரசியமானது இலங்கையின் 1942 ஜூன் 1 திகதியிட்ட 5 சதத் தாள். நடுவில் முத்திரைபோலத் துளையிட்டிருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம். சில்லறை உலோகத் தட்டுப்பாட்டுக்குச் செய்த வேலை. கிழிந்த பாதி என்று குப்பையில் போட்டவர்கள் அநேகம் பேர்.

முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கம் என்றால் விளிம்பைச் சுற்றி இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். நம்முடைய பெயரில் முன்னெழுத்து தகப்பனுடையது என்பதை நினைவில் வைத்துத் தேடுங்கள். இரண்டாம் போரின் பிரித்தானியப் பதக்கங்கள் பெயரில்லாமலே கொடுக்கப்பட்டன (இந்திய, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்கப் படைகளுக்கு மட்டும் பொறித்தார்கள்). ஆகவே 1939-45 ஸ்டாரோ, ஆறு முனை பேர்மா ஸ்டாரோ, 36 மி.மீ. போர்ப் பதக்கமோ தனியே கிடைத்தால் அது யாருடையதென்று சொல்ல ஒரு வழியுமில்லை. பதக்கம் வந்த சிறிய அட்டைப்பெட்டி, மூடியில் எழுதிய விலாசம், உள்ளே மடித்த துண்டு ஆகியவைதான் பெயர். போரில் இறந்தவர் என்றால் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பதிவில் காசில்லாமல் தேடலாம்.

தொப்பிச் சின்னத்தின் முதுகைப் பாருங்கள். அச்சில் அடித்ததானால் முன்புற உருவம் பின்னால் குழிவாகத் தெரியும். வார்த்த போலியில் முதுகு தட்டையாக, ஊசிக்குத்துப் போன்ற ஓட்டைகளோடு இருக்கும். சின்னத்தில் யானை இருந்தால் அதன் தும்பிக்கை போன்ற மெல்லிய பகுதிகள் மழுங்கியிருக்கும்.

மினுக்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கும் கை, பதக்கத்தையும் சும்மா விடாது. புளியின் அமிலம் பித்தளையின் மேல் தோலைத் தின்னும், சாம்பல் தேய்க்கும். இரண்டு தடவையில் விளிம்பெழுத்து மங்கும். பிரஸ்ஸோவும் அதையே செய்யும், இன்னும் கெதியாக. காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். நாடாவைக் கழுவக் கூடாது, சாயம் ஓடும்.

படத்துக்கும் இதே கதை. ஈரத்துணி, எச்சில், தேங்காயெண்ணெய், செலோரேப் எதுவும் வேண்டாம். செலோரேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். பிறகு எந்த நிபுணராலும் முழுதாக எடுக்க முடியாது. 1980களின் ஒட்டும்பக்க ஆல்பங்களில் சிக்கிய படத்தை நகத்தால் கிளப்பாமல், பல்லிடுக்குக்குப் பாவிக்கும் வாசனையில்லாத நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, வாள் அறுப்பதுபோல மெதுவாக இழுங்கள். அசையவில்லையா, அப்படியே பக்கத்தோடு ஸ்கான் செய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கேட்பது எப்படி

ஆச்சியிடம் படத்தை நீட்டி "இது ஆர்?" என்றால் "தெரியேல்லை மோனை" என்பதுதான் அநேகமாக மறுமொழி. முகம் மறந்திருக்கும். "இது எந்த வீட்டு முத்தம்?", "இந்தக் கதிரை ஆற்றை?", "இந்தச் சேலை எந்தக் கலியாணத்துக்கு எடுத்தது?" என்று கேளுங்கள். வீடு வந்தால் ஆள் வரும். போனில் குரலைப் பதியுங்கள். கொப்பியில் யார் சொன்னார், என்ன முறை, எந்த நாள் என்று எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

கடைசிப் போரின் படங்களில் வேறு மரியாதை வேண்டும். காணாமல் போனவரின் ஒரே படத்தை வைத்திருக்கும் தாயிடம் மூலப் படத்தை இரவல் கேட்காதீர்கள். சிறிய ஸ்கானரை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் கண் முன்னாலேயே ஸ்கான் செய்து, அந்த இடத்திலேயே கையில் கொடுங்கள். லமினேற் செய்திருந்தால் பிரிக்க முயல வேண்டாம், உரியும்போது முகமும் உரியும். உயிரோடு இருப்பவர்களின் முகம் உள்ள படங்களை அவர்களின் சம்மதமில்லாமல் இணையத்தில் போடுவது யாருக்காவது வினையாக முடியலாம்.

ஸ்கானும் சேமிப்பும்

படங்களுக்கு 600 டிபிஐ, பாஸ்போட் அளவுக்கு 1200, 35 மி.மீ. நெகற்றிவ்வுக்கு 2400க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் ஸ்கான் செய்யுங்கள். மையின் ஊதாவும் கறையின் மண்ணிறமும் பிறகு தேவைப்படும். டிஃப் கோப்பில் ஒரு தபாலட்டைப் படம் சுமார் 20 எம்பி வரும். முன்பக்கத்துக்கு எண்ணோடு 1, பின்பக்கத்துக்கு 2. வெறுமையாக இருந்தாலும் பின்பக்கத்தை விடாதீர்கள். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில். ஊருக்குப் பொதுவாக்க விருப்பமென்றால் நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களோடு பேசலாம்.

வினாகிரி மணம் வருகிற நெகற்றிவைத் தனியாக்குங்கள், அது மற்றவற்றையும் கெடுக்கும். ஓரத்தில் "சேப்டி" என்ற எழுத்தில்லாத, மஞ்சளாகிப் பிசுபிசுக்கும் 1951க்கு முந்திய நெகற்றிவ் நைட்ரேற் பிலிமாக இருக்கலாம், இலேசில் தீப்பிடிக்கும். ஓட்டுக்குக் கீழே சூட்டில் வைக்க வேண்டாம்.

படங்களை அமிலமில்லாத தாள் உறையில், ஒவ்வொன்றாக. மணக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் உறை பீவீசி, அது படத்தில் ஒட்டும். பூச்சி உருண்டையும் வேப்பிலையும் பெட்டிக்குள் போடாதீர்கள்; முதலாவது ஆவியாகிப் படத்திலேயே படியும், இரண்டாவது கறை விடும். ஒரு சப்பாத்துப் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும். செம்மஞ்சள் பச்சையாக மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டி சுவரில் முட்டாமல், நிலத்திலிருந்து ஒரு சாண் மேலே.

சுவரில் மாட்டிய படங்கள் கடைசி. சாமியறைப் பக்கம் தொங்கும் பெரியவர்களின் படத்துக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஈரத்துணியால் துடைத்து வருவார்கள். அந்த ஈரம் சட்டகத்தின் கீழோரத்தில் இறங்கிப் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும். கழுத்துக்குக் கீழே மட்டும் ஈரக்கறை ஏறிய படங்கள் இவைதான். ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கண்ணாடியோடு ஸ்கான் செய்யுங்கள். ஒட்டாமலிருந்தால் ஆணியைக் கழற்றி, பின்பலகையை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் 2 மி.மீ. தடித்த அட்டைச் சட்டம் வைத்து மூடுங்கள். பின்பலகையில் ஒட்டியிருக்கும் மண்ணிறத் தாளைக் கிழித்து எறிய வேண்டாம். சட்டகம் போட்ட கடையின் பெயரும், சில வேளை பென்சிலால் எழுதிய ஓடர் இலக்கமும் திகதியும் அதில்தான் இருக்கும்.